புற்றுநோய்க்கு எங்கே போவது? அவசரத்தில் செய்யும் தவறுகள்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றைக்கே, "அடையாறா, வேலூரா?" என்று உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த நேரத்தில் எந்த வகைப் புற்று, எத்தனையாவது நிலை என்றே பலருக்குத் தெரிந்திருக்காது.

பெரிய தவறு சில சமயம் அதற்கும் முன்பே நடந்துவிடுகிறது. மார்பில் கட்டி என்றதும், "முதலில் எடுத்துவிடுவோம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பக்கத்திலேயே அறுவை செய்துகொள்வது. ஊசியால் சிறு துண்டுத் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி இல்லை, ஸ்கேன் இல்லை. பிறகு பெரிய மருத்துவமனைக்குப் போனால், கட்டியை எடுத்த இடத்தின் ஓரங்களில் நோய் மிச்சமிருக்கிறதா என்று அவர்கள் தேட வேண்டியிருக்கும்; மறுபடி கத்தி வைக்கவும் நேரலாம். சில மார்பகப் புற்றுகளில் முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுத்தான் அறுவைக்கே போவார்கள். அந்த வழியும் அடைபட்டுவிடும். ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பயம்தான் பயாப்சியைத் தவிர்க்க வைக்கிறது. மார்பகக் கட்டியைப் பொறுத்தவரை அது வீண் பயம்.

இடம் மாறும்போது ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். மெழுகில் பதித்த திசுத் துண்டை 'பிளாக்' என்பார்கள். அதையும், அதிலிருந்து சீவிய திசுவை வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். புதிய இடத்தில் தாங்களே ஒருமுறை பார்க்காமல் பொதுவாகச் சிகிச்சையைத் தொடங்க மாட்டார்கள். பிளாக் இல்லாவிட்டால் திரும்பவும் பயாப்சி எடுக்க வேண்டிவரும்.

அப்புறம் தூரம். கரண்ட் வைப்பது என்று நம் ஊரில் சொல்லும் கதிர்வீச்சு, பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் நடக்கும். நோயைப் பொறுத்து மூன்று வாரமும் ஆகும், ஏழு வாரமும் ஆகும். ஒவ்வொரு நாளும் சில நிமிட வேலை. அதற்காகச் சிவகங்கைக்காரர் சென்னையில் அறை எடுத்துத் தங்குவதா, மதுரை பாலரெங்காபுரம் அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு பஸ்ஸில் போய்வருவதா? பெரிய இடத்தில் சிகிச்சைத் திட்டத்தை எழுதி வாங்கி, கீமோவையோ கதிர்வீச்சையோ அருகில் வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடமே கேட்கலாம். அவர் கோபித்துக்கொள்வார் என்று நாம்தான் தயங்குகிறோம்.

கதிர்வீச்சிலேயே இன்னொரு வகையான புரோட்டான் சிகிச்சைக்கான இயந்திரம் சென்னையில் 2019இலேயே வந்துவிட்டது. குழந்தைகளுக்கும், மண்டையோட்டின் அடிப்பகுதி, தண்டுவடம் போன்ற இடங்களில் வரும் சில கட்டிகளுக்கும் அது உதவும். எல்லாருக்கும் தேவையில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. உங்களுக்குச் சொன்ன சிகிச்சைக்கே அங்கே அனுமதி உண்டா என்று காப்பீட்டு கவுண்டரில் முதலிலேயே கேளுங்கள். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் திட்டம் இல்லை அது.

எந்த இடம் என்று முடிவானாலும் ஒன்றைக் கேட்டு வையுங்கள். கீமோ எடுத்த பிறகு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு எந்த எண்ணை அழைப்பது, வீட்டுக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனைக்கு ஓடுவது என்று எழுதி, பைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.