பாசிக்குடாவுக்கும் உகந்தைக்கும் கொண்டுபோக ஒரு காஸ் கிரில்: எதைப் பார்த்து வாங்குவது

கிரில்லைப் பார்ப்பதற்கு முதல் சிலிண்டரை முடிவு செய்யுங்கள். வெளியில் சமைக்க ஒரு காஸ் பாபிகியூ வாங்கப்போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும் நான் சொல்கிற முதல் வார்த்தை இதுதான். மூடி எவ்வளவு பளபளப்பு, எத்தனை பர்னர், எத்தனை ஆயிரம் பி.டி.யூ (பர்னர் மணிக்கு எவ்வளவு சூடு தரும் என்கிற அளவு) என்று எல்லாம் ஒப்பிட்டு வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்துகிற காஸ் இங்கே கிழக்கிலங்கையில் மட்டக்களப்பிலும் இல்லை கல்முனையிலும் இல்லை என்று தெரியவரும்போது காசும் போய் பயணமும் கெட்டுவிடும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. கனடாவில் இருக்கிற மாமா ஊருக்கு வந்தபோது ஆசையோடு கொண்டுவந்து தந்தார். நல்ல கனமான சாமான், கால்கள் மடியும், மூடியில் வெப்பமானிகூட உண்டு. ஆனால் அங்கே கடைக்குக் கடை விற்கிற 1 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 454 கிராம் புரோப்பேன் குப்பியைத் திருகிப் பூட்டுகிற மாதிரித்தான் அதன் வாய் செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் குப்பியை இங்கே தேடி அலைந்ததுதான் மிச்சம். லேத்தில் ஒரு இணைப்புக் கடைந்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தம், ரெகுலேட்டர் தாண்டி வருகிற அழுத்தத்தைவிடப் பல பத்து மடங்கு. அந்த இடத்தில் ஊகத்துக்குக் கடைந்த பித்தளைத் துண்டை நம்பி பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்த என்னால் முடியாது. வெளிநாட்டில் இருந்து யாரும் வாங்கி அனுப்பப்போகிறார்கள் என்றால், எந்தக் குப்பிக்கு, எந்த ரெகுலேட்டருக்கு என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நம் கையில் இருப்பது வீட்டுக் காஸ்தான். லிட்ரோ கம்பனியை எடுத்தால் 12.5 கிலோ, 5 கிலோ, 2.3 கிலோ என்று மூன்று அளவு. இது தனிப் புரோப்பேன் இல்லை, புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் கசிவும் அடுப்பு வெடிப்பும் செய்தியானபோது இந்த இரண்டு பெயரும் எல்லோர் வாயிலும் அடிபட்டது நினைவிருக்கும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் 'புரோப்பேன்தான் வாங்கு, பியூட்டேன் குளிரில் வேலை செய்யாது' என்று திரும்பத் திரும்ப எழுதியிருப்பார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. புரோப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே ஆவியாகிவிடும், பியூட்டேனுக்குப் பூச்சியத்தை ஒட்டிய வெப்பம் வேண்டும், அதனால் பனியில் பியூட்டேன் அடுப்பு அணைந்துபோகும். வாகரையில் மார்கழி மழைக்குள் கூடாரம் அடித்தாலும் நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே புரோப்பேன் கிரில் என்று பெயர் போட்டிருக்கிறதா என்பதைவிட, எல்.பி.ஜி என்று எழுதி, 28 அல்லது 30 மில்லிபார் என்று அழுத்தம் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். இயற்கை வாயுவுக்கென்று செய்ததைத் தொடவே வேண்டாம், அதன் துவாரம் பெரியது, நம் காஸைக் கொடுத்தால் சுவாலை கட்டுக்கடங்காது.

அளவைப் பொறுத்தவரை 2.3 கிலோ சிலிண்டரே நான்கைந்து பேருக்குப் போதும். கணக்கு இப்படி: ஒரு பர்னருக்கு 10,000 பி.டி.யூ என்று போட்டிருந்தால் ஏறத்தாழ 3 கிலோவாட், அது முழு வீச்சில் மணிக்கு 230 கிராம் அளவில் காஸ் குடிக்கும். அப்படி இரண்டு பர்னர் என்றால் ஐந்து மணித்தியாலம் முழு வீச்சில் எரியும். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் சமைத்தாலும் மூன்று நாள் தாராளமாகப் போகும். இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அறிய ஆட்டிப் பார்க்கத் தேவையில்லை, வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும், தராசில் வைத்து அதைக் கழித்தால் சரி. ரெகுலேட்டர் மட்டும் கவனம். கம்பனிக்குக் கம்பனி, அளவுக்கு அளவு வால்வு ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாமல், கடையிலேயே பூட்டிப் பார்த்து எடுங்கள்.

பெட்டிக்குள் வருகிற காசெட் அடுப்பு இருக்கிறதே, பக்கத்தில் தகரக் குப்பி படுத்துக்கிடக்கும், அது தேநீர் வைக்கவும் நூடுல்ஸ் அவிக்கவும் அருமை. ஒரு குப்பியில் 220 கிராம் அளவுதான், ஒன்றேகால் மணி நேரம் போனால் அதிசயம். அதற்கு மேல் அகலமான கிரில் தட்டை வைத்து மீன் வாட்டப் பார்க்கிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். தட்டு குப்பி இருக்கிற பக்கத்தையும் மூடிக்கொண்டால் வெப்பம் கீழே திரும்பி, குப்பி சூடாகி வெடிக்கும். வெறுமையான குப்பியை வீட்டுச் சிலிண்டரில் இருந்து நிரப்புகிற வேலையும் வேண்டாம். அந்தத் தகரம் மெல்லியது, புரோப்பேன் கலந்த காஸின் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதில்லை.

அடுத்தது காற்று. நம் பக்கத்தில் வெளியே போகிற காலமும் கச்சான் காற்று அடிக்கிற காலமும் ஒன்றுதான். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை மழை இல்லை, அறுகம்குடாவில் சனம் நிறைந்திருக்கும், உகந்தைக்கும் ஆட்கள் போவார்கள், அதே நேரம் சூடான காற்று வீசி அடுப்பை ஊதி அணைக்கும். கல்லடிக் கடற்கரையில் ஒரு பின்னேரம் மூடியில்லாத கிரில்லில் கோழி வைத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வெளியே கருகி, எலும்போரம் இரத்தம். அன்று பட்டினிதான். அதனால்தான் மொத்த பி.டி.யூ எண்ணைவிட, ஆழமான உடம்பு, இறுக்கமாக மூடுகிற மூடி, பர்னரை மூன்று பக்கமாவது மறைக்கிற சுவர் ஆகியவற்றுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். பெரிய தட்டுக்குக் கீழே சிறிய பர்னர் இருந்தால் நடுவில் மட்டும் வேகும். 30க்கு 45 சென்ரிமீற்றர் அளவுத் தட்டுக்கு இரண்டு பர்னர் இருப்பது நல்லது, ஒரு பக்கம் கடும் சூடு, மறுபக்கம் மெல்லிய சூடு என்று வைக்கலாம். மூடியை மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, மறுகாதான் மீனை வையுங்கள், ஒட்டாது. கோழியின் நடுவில் 74 பாகை வரவேண்டும், சிறிய இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் ஊகிக்கத் தேவையில்லை.

காற்றுக்கு மறைப்பு வைக்கிறேன் என்று அடுப்பையும் சிலிண்டரையும் சேர்த்துத் தகரத்தால் சுற்றிவிடக் கூடாது. மறைப்பு அடுப்புக்கு மட்டும், அதுவும் ஒரு பக்கம் திறந்து. சிலிண்டர் ஹோஸ் நீளத்துக்குத் தள்ளி, நிமிர்ந்து நிற்கட்டும். படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும்.

தட்டு என்ன உலோகம் என்பது கடற்கரை ஆட்களுக்குப் பெரிய விசயம். வார்ப்பிரும்பு சூட்டை அழகாகப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் உப்புக்காற்றில் ஒரு கிழமை கவனிக்காமல் விட்டால் கறள் பிடித்துவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, சூட்டில் காயவைத்து, எண்ணெய் தடவப் பொறுமை இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள், இறுக்கமாக ஒட்டினால் அது மலிவு ரகமாக இருக்க வாய்ப்புக் கூட, ஒட்டாதது பெரும்பாலும் உப்புக்குக் கூடத் தாக்குப்பிடிக்கும். கம்பிகளுக்கு இடையில் இறால் விழாத அளவு இடைவெளி இருக்கட்டும். பாதி கம்பி, பாதி தட்டையான தகடு என்று வருகிற தட்டு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், காலையில் றொட்டியும் முட்டையும் அதிலேயே முடிந்துவிடும். பர்னருக்கு மேல் கூரை மாதிரி ஒரு தகடும், கீழே எண்ணெய் வழிய இழுக்கிற தட்டும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் மசாலா எண்ணெய் நேரே நெருப்பில் விழுந்து கறி புகைந்து கசக்கும்.

சொடுக்கிப் பற்றவைக்கிற பொத்தான் கடலோர ஈரத்தில் கெதியாகச் செத்துவிடும், நெருப்புப்பெட்டியை மறக்கக் கூடாது. கால்கள் மெல்லிய கம்பியாக இருந்தால் மணலில் புதையும், ஒரு பலகை கொண்டுபோங்கள்.

ருசிக்காகச் சொன்னால் சிரட்டைக்கரியை காஸ் வெல்லாது, இதை ஒளிக்க மாட்டேன். ஆனால் உன்னிச்சைக் குளப்பக்கமோ பொத்துவிலுக்கு அங்கால் பாணமையோ, காய்ந்த புல்லும் சருகும் கிடக்கிற இடத்தில் கச்சானுக்கு ஒரு தணல் பறந்தால் காடு போய்விடும். காஸ் என்றால் குமிழைத் திருப்பினால் முடிந்தது. குமண, கல்லோயா போன்ற தேசிய பூங்காக்களுக்குள் தங்குவதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி எடுக்கும்போதே சமையல் அடுப்புக்கு என்ன விதி என்று கேட்டுவிடுங்கள். யானை நடமாடுகிற இடங்களில் சாப்பாட்டு மிச்சத்தை இரவில் வெளியே விட வேண்டாம்.

காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் மேலே போகாமல் கீழே தேங்கும். கூடாரத்துக்குள், மூடிய வான் வண்டிக்குள், வாவியில் தோணியின் அடிப்பாகத்தில் அது நிற்கும், மணம் தெரியுமுன் பொறி பட்டால் போதும். கூடாரத்துக்குள் எரிப்பதில் இன்னொரு ஆபத்து காபனோரொட்சைட்டு என்கிற நச்சு வாயு, அதற்கு மணமே இல்லை. மழை வந்தாலும் உள்ளே கொண்டுபோகாதீர்கள், நனைந்த சோற்றைச் சாப்பிடலாம். பூட்டியதும் இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பற்றவையுங்கள். முடிந்ததும் முதலில் சிலிண்டர் பக்கம் காஸை மூடி, ஹோஸில் மிஞ்சியது எரிந்து சுவாலை தானாக அணைந்த பிறகு குமிழை மூடுங்கள். வாகனத்தில் ஏற்றும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்த்திக் கட்டி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் விட்டுவிட்டுக் குளிக்கப் போகக் கூடாது.

வாங்கியதும் நேரே கடற்கரைக்கு ஓடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில், காற்று அடிக்கிற பின்னேரமாகப் பார்த்து, ஒரு பாரை மீனும் அரைக் கிலோ இறாலும் போட்டுப் பாருங்கள். சுவாலை நீலமாக நிற்கிறதா, எந்த மூலை சூடாகவில்லை என்று தெரியும். சமைப்பதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரைத் தராசில் நிறுத்து எழுதி வைத்தால், அடுத்த பயணத்துக்கு எவ்வளவு காஸ் வேண்டும் என்பதும் கையில் இருக்கும்.