பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயைச் சோதித்து அறியும் முறை

பழைய ரூபாய் கிடைத்ததும் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். இயல்பாகப் படிந்த கருமையைத் தேய்த்தெடுத்தால் சேகரிப்பாளரிடம் அதன் மதிப்பு குறைந்துவிடும்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1835 முதல் 1939 வரை பொறித்த ரூபாய், ஒரு தோலா எடையில், அதாவது ஏறத்தாழ 11.66 கிராமில், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியோடு அச்சிடப்பட்டது; 1940 முதல் 1945 வரையிலான போர்க்கால ரூபாயில் வெள்ளி பாதிதான்; 1947-இன் ரூபாயோ நிக்கல் என்பதால் காந்தத்தில் ஒட்டும். ஆகவே காந்தத்தையும் துல்லியமான தராசையும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், தேய்ந்த நாணயம் சற்று எடை குறைந்திருப்பது இயல்பே.

விக்டோரியா ரூபாயில் 1877 முதல் ‘குயின்’ என்பது ‘எம்பிரஸ்’ ஆயிற்று. 1862 என்றிருந்தால் பூதக்கண்ணாடியால் புள்ளிகளை எண்ணுங்கள். அந்த ஆண்டே பின்னரும் பல ஆண்டுகள் பொறிக்கப்பட்டது, பம்பாய் அச்சாலையின் நாணயங்களில் உண்மையான ஆண்டை உணர்த்துபவை அப்புள்ளிகளே.