இடுப்புப் பிடிப்பு விட்ட விதம்

லண்டனில் பலசரக்குக் கடையில் அரிசி மூட்டைகளைத் தூக்கித் தூக்கி, இடுப்பின் வலப்பக்கம் ஒரு பிடிப்பு விழுந்தது. மூன்று மாதம் தைலமும் மாத்திரையுமாக ஓட்டினேன். காலுறை போடக் குனிந்தால் உயிர் போகும்.

மனைவி வற்புறுத்தியதால் ஆஸ்டியோபதி சிகிச்சைக்குப் போனேன்; தசைகளையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, அசைத்துச் செய்யும் சிகிச்சை அது. பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்றவர்கள் மட்டுமே ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ள முடியும்; பதிவேட்டில் பெயரைப் பார்த்த பிறகே நேரம் வாங்கினேன். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

முதலில் அந்த ஆஸ்டியோபத் என் முதுகைத் தொடவே இல்லை. தொடையிடுக்கு மரத்துப்போகிறதா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டுமாம். பிறகு குப்புறப் படுக்கவைத்து, பிட்டத் தசையில் கட்டைவிரலை ஊன்றினார். சுருக்கென்றது, வலியின் வேர் அங்கேதான் இருந்தது. அந்த இடத்தை மெல்ல அழுத்திப் பிடித்து, காலை மடக்கி நீட்டினார்.

நான்கு முறை போனேன். பாதிப் பலன் அவர் சொல்லித்தந்த பயிற்சியால் வந்தது என்றே நம்புகிறேன்: மல்லாந்து படுத்து, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து 30 நொடி, காலையும் மாலையும். ஆறாவது வாரம் முனகாமல் குனிந்து காலுறை போட்டேன். மூட்டையை இப்போது முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத்தான் தூக்குகிறேன்.