பழுப்பு இழை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வந்தபின் அப்பா வாங்கிய வீட்டைப் புதுப்பித்தபோது, சுவருக்குச் சாந்து பூசுவதற்கு முன்பே அறைதோறும் பிவிசி குழாய் பதித்து, அதன் வழியாக இணையத்துக்கான கேட்6 கம்பிகளை இழுத்து வைத்தேன்; ஒவ்வொரு கம்பிக்குள்ளும் எட்டுச் செம்பு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகளாக இருக்கும். மின்கம்பியோடு ஒரே குழாயில் இதைச் செலுத்தக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வேலை முடிந்தபின், அம்மாவின் அறையில் மட்டும் இணைப்பின் வேகம் நொடிக்கு 1000 மெகாபிட்டுக்குப் (ஒரு கிகாபிட்) பதிலாக 100-இலேயே நின்றது. கிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் தேவை, 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும் என்பதால், ஏதோ ஓர் இழை அறுந்திருக்க வேண்டும் என்று ஊகித்தேன். சுவர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தால், பழுப்பு இழையின் செம்பு, உறை உரித்த இடத்திலேயே முறிந்து தொங்கியது. பெட்டிக்குள் ஒரு சாண் கம்பியை உபரியாகச் சுருட்டி வைத்திருந்தேன்; அது இல்லையென்றால் புதுக்கம்பியே இழுக்க வேண்டியிருந்திருக்கும். முனையை வெட்டி, எட்டு இழைகளையும் மறுமுனையில் உள்ள அதே நிற வரிசையில் அழுத்திப் பொருத்தியதும், வேகம் 1000 ஆயிற்று.