வெளிநாட்டு டீம் வாற டூர்னமென்டுக்கு ஊர் பாக்கேக்க விடுற பிழையள்

ஆடி ஆவணி லீவுக்கு கனடா, சுவிஸ், லண்டன் பக்கத்தில இருந்து 15 வயசுக்குட்பட்ட உதைபந்தாட்ட டீமுகளைக் கூப்பிட்டு வன்னியில டூர்னமென்ட் வைக்கோணும் எண்டு இப்ப கன கழகங்கள் வெளிக்கிடுது. நல்ல விசயம், எனக்குச் சந்தோசம்தான், ஆனா எந்த ஊரில வைக்கிறது எண்டு கூட்டம் போட்டுக் கதைக்கேக்க நாங்கள் அந்தக்காலத்தில கதைச்ச அதே கதையைத்தான் புதுப் பெடியளும் கதைக்கினம், அதே இடத்திலதான் சறுக்கவும் போகினம், அதைப் பாத்துக்கொண்டு பேசாம இருக்க ஏலாது. கோல் போஸ்டுக்கு நெற் இருக்கோ, பந்துக்குக் காத்து இருக்கோ எண்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் ஊர் எடுக்கிறதைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

படத்தைப் பாத்து முடிவெடுக்கிறது

புல்லு இருக்கு, பவிலியன் இருக்கு, ட்ரோன் படம் வடிவா இருக்கு, உடன இந்த ஊர்தான் எண்டு கையெழுத்து. முதல் கேக்கவேண்டியது அந்தக் கிரவுண்ட் ஒரு நாளைக்கு எத்தினை மட்ச் தாங்கும் எண்டதைத்தான். கணக்கைப் பாருங்கோ. 12 டீம், மூண்டு மூண்டா 4 குறூப் எண்டா குறூப் மட்ச் 12, பிறகு காலிறுதி 4, அரையிறுதி 2, மூண்டாமிடம், பைனல், எல்லாமா 20 மட்ச். பாதிக்கு 35 நிமிசம் வைச்சு, இடைவேளை, டீம் ஏறி இறங்கிற நேரம் எல்லாம் சேத்தா ஒரு மட்சுக்கு ஒண்டரை மணித்தியாலம் வேணும். காலமை ஆறரைக்குத் தொடங்கினாலும் பத்து மணிக்குப் பிறகு ஆவணி வெய்யிலுக்க அந்த வயசுப் பிள்ளையளை இறக்கக்கூடாது, அதுவும் குளிர் தேசத்தில இருந்து முந்தநாள் வந்திறங்கின பிள்ளையளை இறக்கவே கூடாது, பின்னேரம் மூண்டரைக்குத்தான் திரும்பத் தொடங்கலாம், லைட் இல்லாட்டி ஆறரைக்குப் பிறகு பந்து தெரியாது. அப்ப காலமை ரெண்டு, பின்னேரம் ரெண்டு. ஒரு கிரவுண்ட் எண்டா 5 நாள் வேணும், நடந்து போற தூரத்தில இன்னொண்டு இருந்தா 3 நாளில முடிக்கலாம். கலரி வைச்ச ஒரு கிரவுண்டை விட கலரி இல்லாத, பக்கத்தில பக்கத்தில இருக்கிற ரெண்டு பள்ளிக்கூடக் கிரவுண்ட் பெறுமதி கூட.

போகேக்க அளவு டேப்பும் கொண்டு போங்கோ. சர்வதேச மட்சுக்கு நீளம் 100 இல இருந்து 110 மீற்றர், அகலம் 64 இல இருந்து 75 மீற்றர் எண்டு விதி இருக்கு. கனக்கப் பள்ளிக்கூடக் கிரவுண்டுகள் இதுக்கு வராது, 15 வயசுக்குக் கொஞ்சம் குறைஞ்சாலும் காரியமில்லை, ரெண்டு கிரவுண்டும் ஒரே அளவா இருந்தாச் சரி.

மட்சைப் பங்கு போடுறது

இதை நினைச்சா எனக்கு இண்டைக்கும் பத்திக்கொண்டுதான் வரும். கூட்டத்தில ஒராள் எழும்பி கிளிநொச்சியில மட்டும் வைச்சா முல்லைத்தீவுச் சனம் என்ன நினைக்கும் எண்டு கேப்பார், இன்னொராள் எங்கட பக்கத்தால லண்டனில இருந்து காசு போட்டவருக்கு என்ன மறுமொழி சொல்லுறது எண்டுவார், பிறகு கோயில் திருவிழாவுக்கு உபயம் பிரிக்கிற மாதிரி மட்சைப் பிரிச்சுக் குடுத்திட்டு எல்லாரும் மனம் நிறைஞ்சு வீட்டை போவினம். விளையாடுற பிள்ளையைப் பற்றி ஒராளும் வாய் திறக்கேல்லை.

நான் கூட நிண்ட ஒரு டூர்னமென்ட் அப்பிடித்தான் போச்சுது. பிள்ளையளுக்குப் படுக்கை கிளிநொச்சியில, மட்ச் ஒருநாள் கிளிநொச்சியில, மற்றநாள் முல்லைத்தீவில. வரைபடத்தில பாத்தா பரந்தனால திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்புத் தாண்டி 55 கிலோமீற்றருக்குக் கிட்டத்தான், ஒரு மணித்தியாலம் எண்டு சொல்லிப்போட்டினம். ஆனா பஸ்ஸுக்கு ஆள் ஏத்தி, சாமான் ஏத்தி, ஒரு பிள்ளையின்ர பூட்ஸ் காணாமல் போய், சாப்பாட்டுப் பார்சல் வந்து சேர்ந்து வெளிக்கிட ஆறு மணி தாண்டியிட்டு, ஆறரை மட்ச் எட்டுக்குத் தொடங்கினது, ரெண்டாவது மட்ச் பதினொரு மணி மட்டும் வெய்யிலுக்க இழுபட்டது. சுவிஸில இருந்து வந்த பெடியன் ஒருத்தன் வழியிலயே சத்தி, இறங்கின உடன வோம் அப் செய் எண்டு சொல்லுறாங்கள். பின்னேர மட்சும் அங்க எண்டபடியா இடையில கிளிநொச்சிக்குத் திரும்பவும் ஏலாது, மத்தியானம் முழுக்க மின்விசிறி இல்லாத ஒரு வகுப்பறையில சீமெந்து நிலத்தில படுத்துக் கிடந்ததுகள். இரவு திரும்பி வரேக்க றோட்டு நடுவில மாடு படுத்திருக்கும், வன்னியில இரவில வாகனம் ஓடினவைக்கு அது தெரியும், டிரைவர் மெல்ல மெல்லத்தான் ஓடோணும், பிள்ளையள் சாப்பிட்டுப் படுக்க பத்தரை. விடிய எழும்பினா மட்ச்.

சரி, செலவு? ரெண்டு மேடை, ரெண்டு சவுண்ட், ரெண்டு முதலுதவி டீம், ரெண்டு செற் ரெபரிமார், பஸ், டீசல். பிள்ளையளின்ர சாப்பாட்டுக்கு ஒதுக்கின காசுதான் பஸ்ஸுக்குப் போனது. கடைசி நாள் ஒரு வெளிநாட்டு டீமின்ர கோச் அண்ணை என்னட்ட வந்து, தம்பி, பெடியள் விளையாடினதை விட பஸ்ஸில இருந்ததுதான் கூட எண்டார், கோவமாக்கூடச் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு அந்த டீம் வரவே இல்லை. ஒரு ஊரின்ர மனத்தாங்கலைத் தீர்க்கப் போய் கடல் தாண்டி வந்த பிள்ளையளை இழந்திட்டு நிக்கிறம், இப்பவும் ஒவ்வொரு கூட்டத்திலயும் அதே பங்குக் கதை எழும்புது.

ரெண்டு ஊரில வைக்கவே ஏலாது எண்டு நான் சொல்லேல்லை. என்ர அக்கான்ர மகன் ரொறன்ரோவில ஐஸ் ஹொக்கி விளையாடுறவன், அதால அந்த விளையாட்டைக் கொஞ்சம் கவனிக்கிறனான். 2023 இல உலக ஜூனியர் ஐஸ் ஹொக்கிப் போட்டியை கனடாவில ஹலிஃபக்ஸ், மொங்டன் எண்டு ரெண்டு நகரங்களில வைச்சவை, இடைவெளி 260 கிலோமீற்றர் வரும். ஆனா ஒரு குறூப் முழுக்க ஹலிஃபக்ஸில, மற்றக் குறூப் முழுக்க மொங்டனில. குறூப் மட்ச் முடியுமட்டும் டீம் தன்ர ஊரிலயே படுத்து, தன்ர ஊரிலயே விளையாடும், பிறகுதான் இடம் மாறுறது, அரையிறுதியும் பைனலும் ஹலிஃபக்ஸில. நாங்களும் அப்பிடிச் செய்யலாமே. ரெண்டு குறூப் முல்லைத்தீவில, படுக்கையும் அங்க. ரெண்டு குறூப் கிளிநொச்சியில. காலிறுதிக்கு ஒரேயொருக்கா ஒரு பக்கம் ஏறி வரட்டும். இதைச் சொன்னா அப்ப முல்லைத்தீவில பைனல் இல்லையோ எண்டு கேக்கினம். இல்லை. அடுத்த வருசம் முழு டூர்னமென்டையும் அங்க வையுங்கோ.

படுக்கையை எண்ணாம விடுறது

வெளிநாட்டு டீம் ஆறு, டீமுக்கு 20 பேர் எண்டா 120 படுக்கை. அதோட எங்கட சனம் பிள்ளையைத் தனிய விடாது, தாய் தேப்பன், அம்மம்மா எல்லாம் வருவினம். கியூபெக் நகரத்தில 1960 இல இருந்து மாசி மாசத்தில நடக்கிற பீ-வீ ஹொக்கி டூர்னமென்டுக்கு வாற 11, 12 வயசுப் பிள்ளையள் கனபேர் ஊர்க் குடும்பங்களின்ர வீட்டிலதான் தங்கிறவை, 2023 இல போன உக்ரைன் பிள்ளையளும் அப்பிடித்தான். எங்கட ஊர்களில இதுக்கு மனமுள்ள வீடு நிறைய இருக்கு, கேக்கிறதுக்குத்தான் ஆள் இல்லை. ஊரை முடிவெடுக்க முதலே வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதி எடுங்கோ. பள்ளிக்கூடத்தில தங்க வைக்கிறதெண்டா டொய்லெட்டையும் குளிக்கிற இடத்தையும் எண்ணுங்கோ, பெட்டைப் பிள்ளையளின்ர டீமும் வருதெண்டா அதுக்குத் தனியா. பரீட்சைத் திகதி வருசத்துக்கு வருசம் மாறுது, அந்தப் பள்ளிக்கூடம் பரீட்சை நிலையமா வந்தா உங்கட இடம் போச்சு, வலயக் கல்வி அலுவலகத்தில முதலே கேளுங்கோ.

திருவிழாவோட மோதுறது

ஓகஸ்ட் 15 மடுப் பெருநாள். நல்லூர் 25 நாள். ரெண்டும் வெளிநாட்டு லீவுக்குள்ளதான் வரும், அந்த நாளில வானும் பிடிக்க ஏலாது, றூமும் கிடையாது, கிடைச்சாலும் விலை வேற. வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளைப் பொங்கல் நேரம் முல்லைத்தீவுப் பக்கமே போகாதேங்கோ.

மழை

கிறிஸ்மஸ் லீவு வசதி எண்டு மார்கழியில வைக்காதேங்கோ. 2018 மார்கழி வெள்ளத்தைக் கிளிநொச்சி ஆக்களிட்டக் கேளுங்கோ.

வந்திறங்கிற இடத்தை மறக்கிறது

கட்டுநாயக்காவில இரவு இறங்கிற டீமுக்கு வவுனியா கிட்ட, அங்கால கிளிநொச்சிக்கு இன்னும் 80 கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடோணும். சென்னையில இருந்து பலாலிக்கு வாற டீமுக்குக் கிளிநொச்சிதான் சுகம். எந்தப் பக்கத்தால கனபேர் வரினமோ அதைப் பாத்து ஊரை எடுங்கோ. எந்த ஊரெண்டாலும் வந்த அடுத்தநாள் மட்ச் போடாதேங்கோ.

தண்ணி

கிணத்துத் தண்ணியில கல்லுப்பத்து. ஆர்.ஓ. எண்டு சொல்லுற வடிகட்டின குடிதண்ணி எங்க எடுக்கலாம், ஒரு நாளைக்கு எத்தினை கான் தருவினம் எண்டு கேட்டிட்டு ஊரை எழுதுங்கோ. குளிக்கிறதுக்கு பவுசரில தண்ணி எடுக்கோணும்.

அனுமதி

வெளிநாட்டு டீம் எண்டா உங்கட உதைபந்தாட்ட லீக்குக்கால போய் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின்ர அனுமதி எடுக்கோணும், நட்பு மட்ச்தானே எண்டு விடாதேங்கோ. 2023 ஜனவரியில இருந்து ஓகஸ்ட் கடைசி மட்டும் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் பீபா இலங்கையை இடைநிறுத்தி வைச்சிருந்தது, அந்த மாசங்களில கழக அணியளும் சர்வதேசப் போட்டியில பங்குபற்ற ஏலாமக் கிடந்தது. கிரவுண்டும் அப்பிடித்தான், ஒண்டு பள்ளிக்கூடத்தின்ர, மற்றது பிரதேச சபையின்ர, இன்னொண்டு விளையாட்டுத் திணைக்களத்தின்ர. அதிபர் ஓம் எண்டு வாயால சொன்னது காணாது, திகதியும் நேரமும் போட்ட கடிதம் வேணும், திறப்பு ஆரிட்ட இருக்கு எண்டும் அந்தக் கடிதத்தில எழுதி வாங்குங்கோ. அது கையில வந்தாப் பிறகு டிக்கெட் போடச் சொல்லி அந்தப் பக்கத்துக்கு அறிவியுங்கோ.