பொதுப் பதிவுகள் மட்டும் காணாமல் போன பிழை

ஆக்டிவிட்டிபப் (வெவ்வேறு சமூக வலைதள சர்வர்கள் பதிவுகளைப் பரிமாறும் நெறிமுறை) நூலகத்துக்கு டேட்டா மாடல் எழுதியபோது பல நாளைத் தின்ற பிழை இது. யூனிட் டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் சில சர்வர்களின் பொதுப் பதிவுகள் மட்டும் டைம்லைனுக்கு வரவில்லை. கையொப்பச் சரிபார்ப்பு, கேஷ், க்யூ என்று தேடியதெல்லாம் வீண்.

அந்த சர்வர்களிலிருந்து வந்த ஜேசானை (பதிவு வரும் டேட்டா வடிவம்) அப்படியே டம்ப் செய்ததும் பிடிபட்டது. பதிவு யாருக்கு என்று சொல்லும் 'டு' புலத்தில், 'எல்லோருக்கும்' என்று குறிக்கும் முழு யூஆர்எல்லுக்குப் பதில் 'ஏஎஸ்:பப்ளிக்' என்ற சுருக்கம். அதுவும் அரே (பட்டியல்) இல்லை, வெறும் ஸ்ட்ரிங். ஆக்டிவிட்டிபப் பயன்படுத்தும் ஜேசான் வகையான ஜேசான்-எல்டியைக் கம்பாக்ட் செய்தால், அதாவது சுருக்கி எழுதினால், ஒற்றை உறுப்புள்ள அரே இப்படித்தான் சுருங்கும். முழு யூஆர்எல்லோடு 'பப்ளிக்', 'ஏஎஸ்:பப்ளிக்' இரண்டையும் ஏற்க வேண்டும் என்று 2018 ஆக்டிவிட்டிபப் விவரக்குறிப்பிலேயே இருக்கிறது.

பார்ஸ் செய்யும் இடத்திலேயே மூன்று வடிவங்களையும் முழு யூஆர்எல்லாக்கி, எது வந்தாலும் லிஸ்டாக மாற்றினேன், சரியாகிவிட்டது. நாமே எழுதி நாமே படிக்கும் டெஸ்ட் இந்தப் பிழையைக் காட்டவே காட்டாது. வெளி சர்வர்களின் அசல் ஜேசானையும் டெஸ்டில் சேருங்கள்.