அமெரிக்கப் புரட்சியும் வரியும்: விடைத்தாளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்

"தேயிலை வரியை ஏற்றினார்கள், பாஸ்டன் மக்கள் கொதித்தெழுந்து பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள்." பத்து விடைத்தாளில் ஏழெட்டிலாவது இப்படித்தான் இருக்கும். ஆனால் பிரிட்டன் நாடாளுமன்றம் தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்காக (காலனிகளுக்காக) இயற்றிய 1773 தேயிலைச் சட்டம் புது வரி எதையும் போடவில்லை. தேயிலை விலை இறங்கத்தான் அது வழிசெய்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் விற்காத சரக்கு மலையாகக் குவிந்திருந்தது. (அத்தனையும் சீனத் தேயிலை. அப்போது இந்தியாவில் தேயிலைத் தோட்டமே கிடையாது.) லண்டன் ஏலத்தில்தான் விற்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, அங்கே கட்டிய சுங்கத்தையும் திருப்பித் தந்து, கம்பெனி தன் முகவர்கள் மூலம் அமெரிக்காவில் நேரே விற்கலாம் என்றது சட்டம். டச்சுக் கடத்தல் தேயிலையோடு இனி போட்டி போடலாம். 1767 முதல் இருந்துவந்த ராத்தலுக்கு 3 பென்ஸ் வரியை மட்டும் எடுக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், வரி போடும் உரிமை லண்டனுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சிக்கல் அங்கேதான். உள்ளூர் வணிகர்களுக்கும் கடத்தல்காரர்களுக்கும் பிழைப்பு போய்விடும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அதையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம்.

தேயிலையைக் கொட்டியது டிசம்பர் 16 இரவில் ஏன் என்ற கேள்விக்கும் 'கோபம்' விடையாகாது. தேயிலை ஏற்றிவந்த மூன்று கப்பல்களில் முதலாவதான டார்ட்மவுத் பாஸ்டனுக்கு வந்தது நவம்பர் 28. வந்த 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். அப்படி எடுத்துக் கரையில் இறக்கிவிட்டால் வரி வசூலானது போலத்தான். தீர்வை கட்டாமல் கப்பல் திரும்பிப் போக பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸின் ஆளுநர் ஹட்சின்சன் அனுமதிச் சீட்டு தர மறுத்தார். கெடு 17ஆம் தேதி முடிகிறது. முந்தின இரவே மூன்று கப்பல்களிலிருந்தும் 342 பெட்டிகள் தண்ணீருக்குள் போயின.

அடுத்த பிழை, 'தாங்க முடியாத வரிச்சுமை' என்று தொடங்குவது. பிரிட்டனில் இருந்தவர்கள் கட்டியதோடு ஒப்பிட்டால் குடியேற்றக்காரர்களின் வரி குறைவு. 1764 சர்க்கரைச் சட்டமோ கழிவுப்பாகுக்கு (மொலாசஸ்) கேலனுக்கு 6 பென்ஸாக இருந்த வரியை 3 பென்ஸாகக் குறைத்தது. குறைத்ததற்கா கோபம்? பழைய 6 பென்ஸை யாரும் ஒழுங்காகக் கட்டியதில்லை, கைக்கூலியோடு கப்பல் கரைசேர்ந்துவிடும். புது 3 பென்ஸைக் கறாராக வசூலிக்கப் போகிறார்கள். வழக்கு வந்தால் ஜூரி இல்லாத கடல்வணிக வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்.

1765 முத்திரைச் சட்டத்தில் பத்திரம், உரிமம், செய்தித்தாள் தொடங்கிச் சீட்டுக்கட்டு (1 ஷில்லிங்), பகடை (10 ஷில்லிங்) வரை வரி. வழக்கறிஞர், அச்சகத்தார், வணிகர் என்று குரல் உயர்த்தத் தெரிந்தவர்களாகப் பார்த்து அடித்தது இது. ஆனால் 'மக்கள் கட்டித் தவித்தார்கள்' என்று எழுதாதீர்கள். முத்திரைத் தாள் விற்க நியமிக்கப்பட்டவர்களை மிரட்டி விலக வைத்துவிட்டார்கள். பதின்மூன்று குடியேற்றங்களில், ஜார்ஜியாவில் கொஞ்ச நாள் தவிர, வசூலே நடக்கவில்லை.

'பிரதிநிதித்துவம் இல்லையேல் வரி இல்லை' என்பதை 'லண்டனில் இடம் கேட்டார்கள்' என்று விளக்குவதும் தவறு. 1765 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய ஒன்பது குடியேற்றங்களின் மாநாடு, தூரம் காரணமாக அங்கே பிரதிநிதித்துவம் பெறவே முடியாது என்றுதான் தீர்மானித்தது. வரி போடும் உரிமை தங்கள் சட்டமன்றங்களுக்கே என்பதுதான் அவர்கள் வாதம்.

பலரும் விட்டுவிடுவது 1767 டவுன்ஷெண்ட் வரிப்பணத்தின் (நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் தேயிலை உள்ளிட்ட இறக்குமதிப் பொருள்களுக்குப் போட்ட வரி) செலவுக் கணக்கை. ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் தர அது ஒதுக்கப்பட்டது. அதுவரை பல இடங்களில் ஆளுநரின் சம்பளத்தை ஒதுக்கியது உள்ளூர்ச் சட்டமன்றம்தான், அவர் குடுமி அதன் கையில் இருந்தது. இனி இருக்காது.

தேதிகளில் ஒரு கண்ணி உண்டு. தேயிலை தவிர மற்ற டவுன்ஷெண்ட் வரிகளை நீக்கும் தீர்மானத்தைப் பிரதமர் நார்த் பிரபு லண்டனில் கொண்டுவந்த நாளும், பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்ட பாஸ்டன் படுகொலை நடந்த நாளும் ஒன்றே, 1770 மார்ச் 5. கடல் தாண்டிச் செய்தி போக வாரக்கணக்கில் ஆகும். ஆகவே 'படுகொலையால் வரியை நீக்கினார்கள்' என்பது நடக்காத கதை. 1766இல் முத்திரைச் சட்டத்தை நீக்கிய அன்றே, எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தச் சட்டமியற்றும் அதிகாரம் உண்டு என்று நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டதையும் சேர்த்தே எழுதுங்கள்.

1773இலிருந்து நேரே 1776க்குத் தாவாதீர்கள். திருப்புமுனை 1774. பதிலடியாக லண்டன் போட்ட சட்டங்களால், தேயிலைக்கு ஈடு தரும்வரை பாஸ்டன் துறைமுகம் மூடல், மாசசூசெட்ஸின் ஆட்சிமுறைச் சாசனத்திலேயே கைவைப்பு. இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு என்று பன்னிரண்டு குடியேற்றங்கள் செப்டம்பரில் பிலடெல்பியாவில் கூடின. லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையோடு மோதல் மூண்டு துப்பாக்கி வெடித்த பிறகும், 1775 ஜூலையில் மன்னருக்குச் சமாதான மனு போனது. விடுதலைப் பிரகடனம் அடுக்கும் 27 குற்றச்சாட்டுகளில் வரியைப் பற்றியது ஒன்றே ஒன்றுதான். அதற்கு அடுத்ததாக வருவது ஜூரி விசாரணையைப் பறித்த குறை, 1764இல் கழிவுப்பாகு வழக்குகளோடு கிளம்பியது.